மிளகு கட்டிய ஊரில் ஏலக்காய் விற்கப் போனோம்

ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய காலையில் என் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. நடந்தால் வடிந்துவிடும் என்று நடந்தேன். நடக்கத் தொடங்கியதும் தரை ஆடியது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஆசீர்வாதம் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்த ஊரு நெசமாவே ஆடுதா, இல்ல எனக்கு மட்டும் ஆடுதா?"

"எனக்கும் ஆடுது. கப்பலு இன்னும் ஒடம்ப விட்டு எறங்கல. பேசாம நடங்க."

தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஆனி ஆடியில் மேற்கு மலையிலிருந்து சாரல் வந்தால் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும். இந்தத் தூறலுக்கு அந்தக் குணம் கிடையாது. முழுதாக நனைக்கவும் மாட்டேன் என்கிறது, காயவும் விடமாட்டேன் என்கிறது. நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம் என் வேட்டி ஒரு தடவைகூட முறுமுறுவென்று காய்ந்ததில்லை. மூன்றாவது நாளிலிருந்து நானும் கால்சட்டைக்கு மாறிவிட்டேன். தலைப்பாகையை மட்டும் விடவில்லை.

நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். ஊருக்கு மேலே மலையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. ஆசீர்வாதம் தேனிப் பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் இங்கிலீஷ் தடையில்லாமல் வரும். அந்த வருஷங்களில் ஏலக்காய் விலை விழுந்து கிடந்தது. பம்பாய்த் தரகர்கள் வைத்ததே விலை. ஆம்ஸ்டர்டாமில் வாசனைச் சரக்கு வாங்கும் ஒரு கம்பெனி நேராகவே வாங்கிக்கொள்ளும் என்று கொழும்பில் கேள்விப்பட்டு, போடி வியாபாரிகள் சிலர் சேர்ந்து கொஞ்சம் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றினோம். கூடவே ஒருவர் போய் முகம் பார்த்துப் பேசிவிட்டு வரவேண்டும் என்றார்கள். பேரத்தில் சளைக்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஆசீர்வாதம் கூட வந்தார்.

உண்மையில் அப்போது நான் சளைத்துப் போயிருந்தேன். அதற்கு முந்திய பருவத்தில் மலைக்காய்ச்சல் கண்டு எங்கள் தோட்டத்திலிருந்து சிலரைத் தூளி கட்டிக் கீழே இறக்கினோம். அவர்களில் ஒருவன் என் தம்பி சுப்புராசு. பாதி வழியில், மலையடிவாரத்து முந்தலுக்கு வரும் முன்பே போய்விட்டான். அதன் பிறகு யார் எது சொன்னாலும் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லாமல் இருந்தது. போகச் சொன்னார்கள், போனேன்.

நாங்கள் தங்கிய வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு வாய்க்கால் ஓரமாக இருந்தது. மாடிப்படி படியாக இல்லை, ஏணியாக இருந்தது. பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கியது. வீட்டுக்காரம்மாள் பெயர் நெல். பெயரைக் கேட்டதும் ஆசீர்வாதம் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் விதவை. கப்பல்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுப் பழகியதால் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். முப்பது வயதான யான் என்று ஒரு மகன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், இப்போது வேலையில்லை. வேலையில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொஞ்சம் உதவிப்பணம் கொடுக்கிறது. அதற்காகத் தினமும் வரிசையில் நின்று அட்டையில் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். திருட்டுத்தனமாக வேறெங்கும் வேலைக்குப் போய்விடக்கூடாது என்று இப்படியொரு ஏற்பாடு. மழையில் நனைந்தபடி அவன் போவதையும் வருவதையும் பார்த்தால் வேலை செய்கிறவனைவிட அதிகமாகக் களைத்துத் தெரிந்தான்.

முதல் நாள் சாப்பாடு வெந்த உருளைக்கிழங்கு, மேலே தவிட்டு நிறத்தில் ஒரு குழம்பு. உப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆசீர்வாதம் பெட்டியைத் திறந்து புளிக்காய்ச்சல் டப்பாவை எடுத்தார். நெல் அம்மாள் கத்தி முனையில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துவிட்டு இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு துளி எடுத்தார்.

மறுநாள் காலை ரொட்டியோடு பாலாடைக்கட்டி வைத்தார். வாயில் போட்டதும் சீரகம் தெரிந்தது. இன்னொரு வகையில் கிராம்பு இருந்தது. எங்கள் வீட்டில் பல்வலிக்கு எண்ணி எடுக்கும் கிராம்பை இந்த ஏழை வீட்டில் பாலில் போட்டு இறுக்கி வைத்துத் தின்கிறார்கள். இந்த ஊருக்கு வாசனைச் சரக்கு எவ்வளவு காலமாக எவ்வளவு மலிவாக வந்து இறங்கியிருக்கிறது என்பது எனக்கு முதலில் தெரிந்தது அந்தக் கட்டியில்தான்.

அன்று கம்பெனிக்குப் புறப்பட்டு டிராம் வண்டி மாறி ஏறிவிட்டோம். ஊரின் மறுகோடியில் மாட்டுப் பண்ணைகள் தெரிந்த பிறகுதான் ஆசீர்வாதத்துக்குச் சந்தேகம் வந்தது. அவசரமாக இறங்கினோம். வண்டி திரும்பிப் போனதும் சாம்பிள் ஏலக்காய் டப்பா எங்கே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்க வச்சிருந்தீகன்னுல்ல நெனச்சேன்."

"நான் ஒங்க கையில கண்டேன், அண்ணாச்சி."

திரும்பி நடந்தே வந்தோம். வழியில் ஒரு பாலத்தடியில் கிழிந்த கோட்டுப் போட்ட சீனாக்காரர் ஒருவர் கழுத்தில் தகரப்பெட்டியை மாட்டிக்கொண்டு ஏதோ கூவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் கடலை மிட்டாய். கப்பல் வேலை போய் இங்கே மாட்டிக்கொண்டவர் என்று பிறகு நெல் அம்மாள் சொன்னார். அச்சு அசல் நம்மூர்க் கடலை மிட்டாய், வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை, அவ்வளவுதான். நாங்கள் மூவரும் பாலத்தடியில் நின்று தின்றோம். அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. அந்த ஊரில் நான் நிம்மதியாக நின்ற இடங்களில் அது ஒன்று.

சாம்பிள் டப்பா டிராம் கொட்டகையில் கிடைத்தது. அங்கே இருந்த குமாஸ்தா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறார். "கிறிஸ்மஸ் பிஸ்கோத்து வாசனை வந்தது, சொந்தக்காரர் வராவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தேன்" என்றார். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தேன்.

கம்பெனியில் எங்களைச் சந்தித்தவர் ஹார்மன் என்ற பெரியவர். நல்ல மனுஷர். காயை நகத்தால் கீறி உள்ளே விதையரிசியைப் பார்த்தார், முகர்ந்தார், இரண்டு அரிசியை மென்றார். எங்கள் போடிப் பேட்டையில் செய்கிற அதே காரியம், அதே வரிசையில். "வாசனை முதல்தரம். நிறம் கொஞ்சம் மங்கல்" என்றார். பெட்டிகள் சரக்குக் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்து எடை போட்ட பிறகு விலை பேசலாம் என்று சொல்லிவிட்டு, அதுவரை சும்மா இருப்பானேன் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு ஊரைக் காட்டக் கிளம்பினார்.

நடையோ நடை. எனக்குக் கால் கடுத்தது. ஆனாலும் அவர் காட்டியதில் பாதியை இப்போதும் மறக்கவில்லை.

அந்த ஊர் இருந்த இடம் வெறும் சதுப்பு. மரத்தூண்களைச் சேற்றில் நெருக்கமாக இறக்கி அதன்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். அரண்மனைபோல நிற்கும் பழைய நகர மண்டபமே அப்படி மரத்தின்மேல் நிற்கிறதாம். தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே தள்ளித்தான் ஊர் பிழைக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு மலையைக் குடைந்து தண்ணீரை உள்ளே கொண்டுவந்து பிழைத்த பூமி. இதை ஆசீர்வாதம் எடுத்துச் சொன்னபோது ஹார்மன் நடப்பதை நிறுத்திவிட்டு, எந்த மலை, எப்படிக் குடைந்தார்கள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒன்றுமே விளையாத ஊருக்கு எப்படி இவ்வளவு பணம் வந்தது?" என்று கேட்கச் சொன்னேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். முதலில் மீன். பிடித்த கையோடு கப்பலிலேயே உப்புப் போட்டு அடைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு வடக்கே இருந்து தானியம். மலிவான காலத்தில் வாங்கி மச்சில் ஏற்றிவைத்து, பஞ்சம் வந்த தேசத்துக்கு விற்றார்கள். மற்றவர்களைவிடக் குறைந்த செலவில் கப்பல் கட்டி, குறைந்த ஆளை வைத்து ஓட்டினார்கள். சரக்கு எதுவானாலும் நகரத்தின் பொதுத் தராசில்தான் எடை போடவேண்டும், அதனால் வெளியூர்க்காரன் பயமில்லாமல் வந்தான். எந்த மதத்துக்காரன் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. கடைசியில் கூட்டுக் கம்பெனி போட்டுக் கீழ்த்திசைக்குக் கப்பல் விட்டபோது வீட்டு வேலைக்காரப் பெண்கள்கூட அதில் பங்கு வாங்கினார்கள்.

"கப்பல் எதுக்குப் போச்சு?"

"மிளகுக்கு" என்றார் ஹார்மன். "மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், பட்டை. இந்த வாய்க்கால் ஓரத்து வீடுகள் எல்லாம் அதில் கட்டியவைதான்."

எங்கிருந்து மிளகு என்று நான் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து மேட்டில் விழுகிற மழை கிழக்கே சரிந்தால் வைகைக்குப் போகும், மேற்கே சரிந்தால் கொச்சிப் பக்கத்துக் கடலுக்குப் போகும். அந்தக் கொச்சியை இவர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் மலையின் மறுசரிவில் காய்த்த மிளகும் இந்த வாய்க்காலில் வந்து இறங்கியிருக்கும். அதைச் சொல்லி என்ன செய்ய?

வீடுகள் குறுகலாக, உயரமாக, தெருப்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாற்போல நின்றன. ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒரு கொக்கி. கயிறு போட்டுச் சரக்கைத் தெருவிலிருந்தே மச்சுக்குத் தூக்குவார்கள். மூட்டை சுவரில் உரசாமலிருக்கத்தான் அந்தச் சாய்வு. குடியிருக்கும் வீட்டையே கிட்டங்கிக்குத் தோதாகக் கட்டியிருக்கிறார்கள்.

பழைய கூட்டுக் கம்பெனியின் கட்டடத்தைக் காட்டியபோது ஹார்மன் இன்னொன்று சொன்னார். சரக்கு அதிகமாக வந்து விலை இறங்கும் காலத்தில் மிச்சத்தை எரித்துவிடுவார்களாம். ஜாதிக்காய் எரிந்தால் அந்தப் பக்கமெல்லாம் மணக்குமாம்.

ஆசீர்வாதம் என் பக்கம் திரும்பினார். "எரிச்சுப்போட்டாகளாம், அண்ணாச்சி. வெல எறங்கக்கூடாதுன்னு."

"கேட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். பாட்டு நன்றாக இருந்தது, பிரசங்கம் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றார். "தரையெல்லாம் கல்லறதான். பெரிய பெரிய யாவாரியெல்லாம் கோயிலுக்குள்ளயே படுத்திருக்காக. கல்லுல கப்பல் செதுக்கி வச்சிருக்கு. சிலுவையத் தேடித்தான் பாக்கணும்." அன்று மத்தியானம் தெருமுனையில் ஒருவர் பச்சை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அண்ணாந்து வாய்க்குள் விட்டுக்கொள்வதைப் பார்த்தேன். எனக்குச் சாப்பாடு வேண்டாம் போலிருந்தது. அது மீனைப் பார்த்ததால் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் பெட்டிகள் வந்துவிட்டன, எடை போடப் போகலாம் என்று ஹார்மன் அழைத்துப் போனார். பழங்காலத்துக் கிட்டங்கி. ஏறும் ஏணிப்படி நாங்கள் தங்கிய வீட்டுப் படியைவிடக் குறுகல். உச்சி மச்சுக்கு ஏறியதும் ஜாதிக்காய் வாசனை அடித்தது. கூடவே முதுகுத்தண்டில் ஒரு குளிர் மெல்ல ஏறியது. எனக்கு அது பழகிய குளிர்தான். மலைக்குப் போய்வந்த எங்கள் எல்லார் உடம்பிலும் அது தங்கியிருக்கும், எப்போதாவது எழுந்துவரும். எழுந்துவர இந்த இடத்தையா பார்க்கவேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. பல் கிட்டியது. ஏலக்காய்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன், பிறகு சரிந்தேன்.

கோணி, சாக்கு, ஹார்மனின் கோட்டு என்று எல்லாவற்றையும் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கீழே இறக்கவேண்டும். அந்தப் படியில் ஓர் ஆள் இறங்கவே இடம் போதாது, ஒருவரைத் தூக்கிக்கொண்டு எப்படி இறங்குவது? அங்கிருந்த வேலையாட்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். மச்சுக் கதவைத் திறந்தார்கள். கெட்டியான கப்பல் துணியை விரித்து என்னை அதில் வைத்து, நான்கு முனையையும் சேர்த்துக் கட்டிக் கொக்கியில் மாட்டினார்கள்.

"அண்ணாச்சி, கண்ண மூடிக்கிருங்க. நான் கீழ ஓடிப் போயி நிக்கேன்" என்றார் ஆசீர்வாதம். ஏணிப்படியில் அவர் ஓடி இறங்குவது கேட்டது.

நான் கண்ணை மூடவில்லை. தெருவுக்கு மேலே துணித் தூளியில் தொங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். வாய்க்கால் தெரிந்தது, படகில் நின்று அண்ணாந்து பார்த்த முகங்கள் தெரிந்தன. இந்த ஊருக்கு வந்த சரக்கெல்லாம் ஏறி இறங்கிய கயிறு. எனக்கு அப்போது சுப்புராசு ஞாபகம்தான். அவனும் இப்படித்தானே துணிக்குள் கிடந்து மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான். அவன் இறங்கி முடிக்கவில்லை. என்னைக் கீழே நான்கைந்து கைகள் வாங்கிக்கொண்டன.

நெல் அம்மாள் என்னைப் பார்த்த மாத்திரத்தில், "இது ஜாவாக் காய்ச்சல்" என்றார். அவருடைய வீட்டுக்காரர் ஜாவாவில் சிப்பாயாக இருந்து திரும்பியவர். சாகும்வரை இந்தக் குளிர் அவரை விடவில்லையாம். மகனை அனுப்பிக் காய்ச்சலை முறிக்கும் கொயினா மாத்திரை வாங்கிவரச் செய்து, வேளை தவறாமல் கொடுத்தார். வியர்வை கொட்டி, காது இரைந்து, இரண்டு மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்தேன். மெலிந்த கஞ்சியில் புளிக்காய்ச்சலைத் தொட்டுக்கொண்டு குடித்தேன். ஆசீர்வாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்பிடி பாக்குறீக?"

"ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா போடியில யாரு மொகத்துல முழிப்பேன்னு பாத்தேன். ஒங்க வீட்டுல அக்கா, ஏற்கனவே கொழுந்தனப் பறிகுடுத்தவுக, நான் என்னன்னு சொல்லுவேன்?"

கால் ஊன்ற முடிந்ததும் மாத்திரை வாங்கிய மருந்துக் கடையைப் பார்க்கவேண்டும் என்றேன். யான் கூட்டிப்போனான். கடை வாசலுக்கு மேலே மரத்தில் செய்த ஒரு தலை இருந்தது. கறுத்த முகம், பெரிய தலைப்பாகை, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து விழுங்கப்போகும் ஆளாம். அந்த ஊர் மருந்துக் கடைகளுக்கு அதுதான் அடையாளம். தெருவில் போன இரண்டு பெண்கள் அந்தத் தலையையும் என் தலைப்பாகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

கடைக்காரரிடம் ஆசீர்வாதம் பேசிப் பார்த்தார். கொயினா எடுக்கும் மரப்பட்டை விளைவது ஜாவாவில். ஆனால் பட்டை விற்பது, மருந்துக்கு விலை வைப்பது எல்லாம் இந்த ஊரில் ஓர் ஆபீஸில். உலகத்தில் எங்கே விற்றாலும் அவர்கள் வைத்த விலைதான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் மலையில் காய் எடுக்க ஆள் வராததற்குக் காரணம் கூலி அல்ல, காய்ச்சல். போஸ்டாபீஸில் விற்கும் கொயினாப் பொட்டலம் ஒரு தோட்டத்துக்கு எந்த மூலைக்குக் காணும்? ஹார்மனிடம் போனேன். அவர் விலையைத் தயாராக வைத்திருந்தார். வந்திருக்கும் பெட்டிகளுக்குப் பம்பாயைவிட நல்ல விலை. ஆனால் கூடவே ஒரு கான்ட்ராக்ட். வரும் இரண்டு பருவத்துக்கு எங்கள் கூட்டாளிகள் எல்லாருடைய காயையும் அதே விலைக்கு அவருக்கே தரவேண்டும், வேறு யாருக்கும் விற்கக்கூடாது.

"பணத்துக்குப் பதிலா கொயினாவா குடுத்தா ரெண்டு பருவமும் தாரேன்னு சொல்லுங்க" என்றேன் ஆசீர்வாதத்திடம்.

ஹார்மன் எங்கள் சாம்பிள் டப்பாவை மூடி வைத்தார். "அது என் வியாபாரம் இல்லை. ஆனால் கொயினாவுக்கு விலை வைக்கும் ஆபீஸில் ஒருவரைத் தெரியும்" என்று எங்களை அனுப்பிவைத்தார்.

அங்கே சந்தித்தவர் மிக மரியாதையாக நடந்துகொண்டார். காப்பி கொடுத்தார். நான் சொன்னதை ஆசீர்வாதம் எடுத்துச் சொன்னார். விலையைக் குறைத்தால் எங்கள் பள்ளத்தாக்கிலுள்ள அத்தனை தோட்டக்காரரையும் வாங்க வைப்பேன், உங்களுக்கும் விற்பனை கூடும், எங்கள் ஆட்களும் பிழைப்பார்கள் என்றேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "விலை குறைந்தால் ஜாவாவில் மரம் வளர்ப்பவர்கள் நஷ்டப்படுவார்கள். மரத்தை வெட்டிவிடுவார்கள். பிறகு யாருக்குமே மருந்து கிடைக்காது. நீங்கள் சென்னையில் ஏஜெண்டைப் பாருங்கள்."

விலை ஏறட்டும் என்று சரக்கை அறையில் வைத்துப் பூட்டுகிறவர்கள்தானே நாங்களும். அவர் பேச்சில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஏலக்காய் இல்லாமல் யாரும் சாவதில்லை. அதை ஆசீர்வாதத்திடம் தமிழில் சொன்னேன். அவர் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்து வாய்க்கால் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தோம்.

"என்ன செய்யப் போறீக?" என்றார் ஆசீர்வாதம்.

"பெட்டிய வித்துருவோம். கான்ட்ராக்ட் வேண்டாம். மருந்தாத் தரமாட்டாகன்னா ரெண்டு பருவத்துக்கு நம்ம கையக் கட்டிக்குடுப்பானேன்?"

"போடியில கேப்பாகளே."

"கேக்கட்டும். என் பங்குப் பணத்துக்கு இங்கனயே மருந்தா வாங்கப் போறேன்."

நினைத்த மாதிரி அது எளிதாக இல்லை. எந்தக் கடையிலும் ஓர் ஆளுக்குக் கொஞ்சம்தான் கொடுத்தார்கள். அதற்குமேல் கேட்டால் எதற்கு என்று கேள்வி வந்தது. முதல் நாள் நாங்கள் இருவரும் கால் தேய நடந்து வாங்கியது ஒரு கைப்பையை நிரப்பவும் போதவில்லை. சாப்பாட்டு மேசையில் அதைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யான் எதற்கு இவ்வளவு என்று கேட்டான். ஆசீர்வாதம் சொன்னார். சுப்புராசுவைப் பற்றியும் சொன்னார். நெல் அம்மாள் மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, அவன் தலையாட்டினான்.

மறுநாள் காலையில் முத்திரை குத்தும் வரிசையில் நின்ற தன் கூட்டாளிகளிடம் யான் பேசியிருக்கிறான். ஆளுக்குக் கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். கூலி கொடுக்கிறேன் என்றேன். வேலைக்குக் கூலி வாங்கியது தெரிந்தால் உதவிப்பணம் நின்றுவிடும், வேண்டாம் என்றார்கள். மத்தியானத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி, கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். ஒருவர்கூட மீதிக் காசைத் தராமல் போகவில்லை. நெல் அம்மாள் எங்கள் ஏலக்காயைத் தட்டிப்போட்டுக் காப்பி காய்ச்சி எல்லாருக்கும் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு ஒரு நரைத்த மீசைக்காரர், "இருபது வருஷம் இந்த மூட்டையைத் தூக்கினேன், இன்றுதான் வாயில் படுகிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. பிஸ்கோத்து டப்பாக்களில் அடைத்து, மூடியை ஈயத்தால் பற்றவைத்துப் பத்திரப்படுத்தினோம்.

ஹார்மன் எங்களை வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்திருந்தார். கான்ட்ராக்டை மறுத்ததில் அவருக்குக் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. "ஜெர்மனி பக்கத்துச் செய்தி நன்றாக இல்லை. இன்னும் எத்தனை கப்பல் இப்படிப் போகும் என்று தெரியவில்லை" என்றார்.

போடியில் கேட்கத்தான் செய்தார்கள். இரண்டு பருவத்து விலையைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டு வந்தேன் என்று கூட்டாளிகளில் ஒருவர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்தக் கான்ட்ராக்ட் பிறகு வேறு ஊர்க்காரருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நான் மறுத்தது சரியா என்று எனக்கும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பருவத்தில் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அந்த மருந்துதான். பொட்டிப்புரத்து ஒச்சம்மா தலைமையில் காய் எடுக்க வந்த ஆட்களுக்குச் சாயங்காலம் காய் அளந்ததும் நானே மாத்திரை கொடுத்தேன். ஒச்சம்மா ஒவ்வொருத்தியையும் வாயைத் திறந்து காட்டச் சொல்லி, விழுங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவாள். காய்ச்சல் வராமல் இல்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் தோட்டத்திலிருந்து தூளி இறங்கவில்லை. அடுத்த பருவத்துக்குச் சென்னை ஏஜெண்டிடம் அந்த ஆபீஸ் வைத்த விலைக்கே வாங்கினேன். அதற்கடுத்ததற்கும் வாங்கினேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மன்காரன் அந்த ஊரைப் பிடித்துக்கொண்டான் என்று பத்திரிகையில் படித்தோம். நெல் அம்மாளுக்கும் யானுக்கும் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்தான். அதோடு கொயினா என்ற பேச்சே நின்றது. இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. போஸ்டாபீஸில் பொட்டலம் இல்லை. போடிக்கு வந்துகொண்டிருந்த ரயில் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. விலையும் நான் என் ஆயுளில் பார்க்காத விலை. காய் எடுப்புக்கு ஒச்சம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு முந்தலுக்கு வந்திருந்தாள். கூடையும் கம்பளியுமாக மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் எழுந்து வந்தாள்.

"மொதலாளி, மருந்து வச்சிருக்கீகளா?"

"இல்ல ஆத்தா. எங்கயும் கெடைக்கல."

அவள் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். "அங்கன போனா காச்ச வருமா?" என்றாள் ஒச்சம்மா.

"வரும்."

"நீங்க ஏறச் சொன்னா ஏறுவாக. கூலியில்லாம வீட்டுல ஒல கொதிக்காது."

மேலே மேகம் இறங்கி மலையை மூடியிருந்தது. அந்த மேகத்துக்குள் செடிச் செடியாகக் காய் முற்றிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தேன். கால் வலித்தது. கொண்டுபோன முன்பணத்தை எடுத்து அவளிடம் கொடுத்து, இதை எல்லாருக்கும் பிரித்துக் கொடு, போடியில் வண்டி பிடித்து ஊருக்குப் போங்கள் என்றேன்.

"அப்ப காயி?"

"கெடக்கட்டும்."

கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போடியை நோக்கித் திரும்பி நடந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியின் கம்பளியை ஒச்சம்மா வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவர்கள் புளியமரத் திருப்பத்தில் மறையும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.